அழித்துப் பதிந்த இரவுகள்

1968 மே 14. நியூயார்க் ராக்கஃபெல்லர் பிளாசாவில் என்.பி.சி. தொலைக்காட்சியின் ‘தி டுநைட் ஷோ’. வழக்கமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்காரும் ஜானி கார்சன் அன்று விடுப்பு. அவர் இடத்தில் முன்னாள் பேஸ்பால் வீரர் ஜோ கராஜியோலா. விருந்தினர்கள் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும். ரிஷிகேஷிலிருந்து லெனன் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆப்பிள் என்று ஒரு கம்பெனி தொடங்கப்போவதாகச் சொல்கிறார்கள். ரிஷிகேஷில் அவர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்த மகரிஷி மகேஷ் யோகி பற்றிக் கேள்வி வருகிறது. அது தாங்கள் செய்த தவறு என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

உலகத்தின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுவைச் சேர்ந்த இரண்டு பேர், அமெரிக்காவின் மிகப் பெரிய பின்னிரவு நிகழ்ச்சியில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. அதன் ஒளிநாடா இன்று இல்லை. என்.பி.சி. அதன் மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டது. நமக்கு மிஞ்சியவை இரண்டே பொருட்கள். யாரோ ரசிகர்கள் தங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்ட ஒலி; வேறு யாரோ டிவி திரையை நோக்கி 8 மி.மீ. கேமராவைப் பிடித்து எடுத்த, சத்தமில்லாத கொஞ்சம் படம். குரல் ஒரு வீட்டிலிருந்து வந்தது, முகம் இன்னொரு வீட்டிலிருந்து. இரண்டையும் ஒட்டவைத்துத்தான் இன்று அந்த இரவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்துப் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சிகள் மேல் அமெரிக்கர்களுக்கு இருக்கும் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் இந்த இரவிலிருந்துதான் தொடங்குவேன். மற்ற பழைய நிகழ்ச்சிகள் மீதான ஏக்கத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய சீரியலை நினைத்து ஏங்குகிறவர் அதைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிடலாம். 1962 முதல் 1972 வரையிலான கார்சனைத் தேடுகிறவருக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பத்து வருடம், வாரத்துக்கு ஐந்து இரவு. அதில் மிஞ்சியது கைப்பிடி அளவு.

ஏன் இப்படி ஆனது என்று புரிய, கருவிகளிலிருந்து தொடங்குவது நல்லது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ எல்லாமே நேரலை. பதிந்து வைக்க வேண்டுமானால் ஒரே வழி, டிவி திரைக்கு முன்னால் சினிமா கேமராவை வைத்து, ஓடும் படத்தைப் பிலிமில் எடுப்பது. இதற்குக் கினஸ்கோப் என்று பெயர். படம் மங்கலாக, ஓரங்கள் வளைந்து, சாம்பல் பூசியதுபோல் இருக்கும். யாரும் வரலாற்றுக்காக அதை எடுக்கவில்லை. நியூயார்க்கில் இரவு 11 என்றால் லாஸ் ஏஞ்சலஸில் 8. அந்த மூன்று மணி நேர இடைவெளியைச் சமாளிக்கவும், கம்பி இணைப்பு எட்டாத ஊர்களுக்கு அனுப்பவும்தான் எடுத்தார்கள். ஒளிபரப்பு முடிந்ததும் அந்தப் பிலிம் வேலை முடிந்த சரக்கு.

பின்னிரவில் நேயர்கள் விழித்திருப்பார்கள் என்று முதலில் பந்தயம் கட்டியவர் என்.பி.சி.யின் பாட் வீவர். அவர் 1950 மே மாதம் தொடங்கிவைத்த ‘பிராட்வே ஓப்பன் ஹவுஸ்’ அடுத்த ஆண்டே நின்றுபோனது. ஜெர்ரி லெஸ்டரின் துள்ளல், டாக்மார் என்ற நடிகையின் சலனமற்ற முகம், பாட்டு, கூத்து. ஒரு நாடக மேடையைத் தூக்கிவந்து நள்ளிரவில் வைத்ததுபோன்ற நிகழ்ச்சி. அதிலும் மிகச் சில இரவுகளே பிலிமில் மிஞ்சியிருக்கின்றன.

1954 செப்டம்பர் 27 அன்று, பின்னால் கார்சனிடம் வந்துசேர்ந்த ‘டுநைட்’ நிகழ்ச்சியோடு ஸ்டீவ் ஆலன் வந்தார். ஹட்சன் தியேட்டரில் பியானோவின் முன் உட்கார்ந்துகொண்டு, முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இந்த நிகழ்ச்சி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் என்றார். இந்தத் தியேட்டரில் எண்ணூறு பேர் தூங்கலாம் என்றும் சொன்னார். அந்த முதல் இரவின் தொடக்கம் கினஸ்கோப்பில் தப்பியது. அதைப் பார்க்கும்போது இந்த வகை நிகழ்ச்சி எப்படிப் பிறந்தது என்பது கண்முன் தெரிகிறது. எழுதி வைத்த வசனத்தைப் படிக்கிற அவசரம் இல்லை. தூங்கப்போகிறவரின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரு நிதானம். இன்றைய பின்னிரவுத் தொகுப்பாளர்கள் எல்லோரும் அந்த நிதானத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் ஆலனின் ‘டுநைட்’ இரவுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை.

ஆலன் காலத்தின் கடைசி மாதங்களில் திங்கள், செவ்வாய் இரவுகளை நடத்தியவர் எர்னி கோவாக்ஸ். கேமராவை வைத்தே நகைச்சுவை செய்யத் தெரிந்த அபூர்வமான ஆள். 1962 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் கார் விபத்தில் இறந்தார். அவர் மனைவி, பாடகி ஈடி ஆடம்ஸ், கணவரின் நிகழ்ச்சிகள் அழிக்கப்பட்டு வருகின்றன என்று தெரிந்ததும், கழுத்தளவு கடனுக்கு நடுவிலும் கைக்காசைப் போட்டு, கிடைத்த பிலிம்களையும் டேப்புகளையும் வாங்கினார். கோவாக்ஸ் இன்று நமக்கு ஓரளவாவது கிடைப்பது அவரால்தான். அந்தத் தொகுப்பு இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

அதே ஈடி ஆடம்ஸ் 1996ல் அந்த நூலகத்தின் விசாரணைக் குழு முன் ஒரு சாட்சியம் சொன்னார். டூமாண்ட் என்று ஒரு தொலைக்காட்சி நிறுவனம் 50களின் நடுவில் மூடப்பட்டது. அதன் கினஸ்கோப் கிடங்கை யார் பராமரிப்பது என்று எழுபதுகளில் பேச்சுவார்த்தை நடந்ததாம். ஒரு வக்கீல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். நள்ளிரவு கழிந்து மூன்று பெரிய லாரிகள் வந்தன. பிலிம் பெட்டிகள் ஏறின. அங்கிருந்து ஒரு படகுக்கு மாறி, நியூயார்க் துறைமுக விரிகுடாவில் கொட்டப்பட்டன. இதை அவர் சொன்ன விதத்தில் ஆத்திரத்தைவிட அசதி அதிகம். முப்பது வருடமாக இதைத்தானே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, டேப்புக்கு வருவோம். 1956 ஏப்ரலில் சிகாகோவில் ஆம்பெக்ஸ் கம்பெனி தன் ஒளிநாடா இயந்திரத்தைக் காட்டியது. இரண்டு அங்குல அகல டேப், நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓட்டம். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி தன் மாலைச் செய்தியை மேற்குக் கரைக்கு அதில் பதிந்து ஒளிபரப்பியது. கினஸ்கோப்பின் மங்கல் போய், நேரலைபோலவே தெளிவான படம். ஆனால் விலை? இயந்திரம் 45,000 டாலரிலிருந்து 50,000 டாலர். ஒரு ரீல் டேப் சுமார் 300 டாலர்.

இந்த வேகத்தை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்கு 6,750 அடி டேப் வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். வாரத்துக்குப் பத்து. ஒரு வருடத்துக்கான டேப்பை விரித்தால் சென்னையிலிருந்து மதுரை வரை போகும். இது ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு. அந்த ரீல்கள் கனமானவை, கிடங்கில் நிறைய இடத்தை அடைப்பவை. அதே டேப்பை ஒரு காந்தக் கருவியில் வைத்து எடுத்தால் நிமிடங்களில் புதுசாகிவிடும், மீண்டும் மீண்டும் பதியலாம். கணக்கர் ஒருவர் இதைப் பார்த்தால் என்ன முடிவெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கேசட்டின் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதில் மறுபடி பதிய முடியாது. உடைத்தபின் மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டிவிட்டு, பழைய பாட்டின் மேல் புதுப்படப் பாட்டைப் பதிந்துகொள்வோம். எதை உடைப்பது, எதை ஒட்டுவது என்பது அன்றைய ஆசையைப் பொறுத்தது. தாத்தா பேசிய கேசட்டின் மேல் பாட்டு ஏறிய வீடுகள் நம்மிடையே எத்தனையோ.

என்.பி.சி. கிடங்கிலிருந்த ரீல்களுக்கு அந்தத் துண்டை உடைத்து வைக்க யாரும் இல்லை. அன்று மறு ஒளிபரப்பு என்பது பெரும்பாலும் நாடகங்களுக்கும் சினிமாவுக்கும்தான். பேச்சு நிகழ்ச்சி என்பது அன்றைய தினசரி மாதிரி. நேற்றைய அரசியல் கேலியை அடுத்த வருடம் யார் பார்ப்பார்கள்? மீண்டும் ஒளிபரப்பினால் கலைஞர்களுக்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி மறுபடி பணம் கொடுக்க வேண்டும். வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ கேசட் இயந்திரம் பரவத் தொடங்கியதே 1975க்குப் பிறகுதான். அதற்கு முன் இதையெல்லாம் விற்கச் சந்தையே கிடையாது. தொலைக்காட்சியைச் சேமிப்பது தேசத்தின் வேலை என்று சட்டம் சொன்னதே 1976ல்தான். அந்த ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு தொலைக்காட்சி, வானொலிக் காப்பகத்துக்கு வழி செய்தது. ஆக, கெட்ட எண்ணம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனாலும், கோடிக்கணக்கானோர் இரவு இரவாகப் பார்த்த ஒன்றை, அதைத் தயாரித்தவர்களே ஒருநாள் சரக்காக நினைத்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இதே டேப்தான் இன்னொரு வேலையும் செய்தது. ஆலனுக்குப் பின் 1957 முதல் நிகழ்ச்சியை நடத்திய ஜாக் பார், உணர்ச்சிவசப்படுகிற மனிதர். 1960 பிப்ரவரியில் ஒரு கதை சொன்னார். சுவிட்சர்லாந்துக்குப் போகும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, தங்கப்போகும் வீட்டில் டபிள்யூ.சி., அதாவது கழிப்பறை, வசதி உண்டா என்று உள்ளூர் பள்ளி ஆசிரியருக்கு எழுதிக் கேட்கிறார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஆசிரியர், அந்த எழுத்துகள் ஏதோ வழியோரத் தேவாலயத்தை (வேசைட் சேப்பல்) குறிக்கின்றன என்று நினைத்து, அது எத்தனை மைல் தள்ளி இருக்கிறது, எத்தனை பேர் உட்காரலாம், எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்று விரிவாகப் பதில் போடுகிறார். இவ்வளவுதான் கதை. நிகழ்ச்சி மாலையில் பதிவாகி இரவில் ஒளிபரப்பாகும் என்பதால் தணிக்கையாளருக்கு இடையில் சில மணி நேரம் கிடைத்தது. பாரிடம் கேட்காமலேயே கதையை வெட்டிவிட்டார்கள். மறுநாள் பார் நேயர்கள் முன்னால் கண்கலங்கி, பிழைக்க இதைவிட நல்ல வழி இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டே போய்விட்டார். மார்ச் 7 அன்று திரும்பி வந்தபோது முதல் வார்த்தையாக, குறுக்கிடப்படுவதற்கு முன் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால், என்று ஆரம்பித்தார். வேறு நல்ல வழியைத் தேடிப் பார்த்தேன், இல்லை என்றும் சொன்னார்.

நேரலையாக இருந்திருந்தால் அந்தக் கதையை யாராலும் வெட்டியிருக்க முடியாது. பதிந்ததால்தான் வெட்ட முடிந்தது. பிறகு பதிந்ததையும் அழிக்க முடிந்தது.

கார்சனின் முதல் இரவு 1962 அக்டோபர் 1. அவரை அறிமுகப்படுத்தியவர் குரூச்சோ மார்க்ஸ். ஜோன் கிராஃபோர்ட், டோனி பென்னட், மெல் புரூக்ஸ், ரூடி வாலி விருந்தினர்கள். அடுத்த முப்பது வருடம் அமெரிக்காவைத் தூங்கவைக்கப்போகும் மனிதரின் முதல் இரவு. அதன் படப் பதிவு இல்லை. புகைப்படங்கள் இருக்கின்றன, ஒலி கொஞ்சம் இருக்கிறது.

அப்படியானால் அறுபதுகளின் கார்சன் என்று நாம் பார்க்கும் துண்டுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படையினருக்குக் காட்ட ராணுவ ஒளிபரப்புச் சேவை கினஸ்கோப்பில் எடுத்து அனுப்பிய பிரதிகள். 1965ன் கடைசி இரவு நிகழ்ச்சி அப்படித் தப்பியதுதான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘டுநைட் ஷோ’ 1960லேயே வண்ணத்துக்கு மாறிவிட்டது. தப்பிய பிலிம்கள் கறுப்பு வெள்ளை. அதனால் அந்தக் கால இரவுகளை இன்று நினைக்கும்போது கறுப்பு வெள்ளையாகவே மனதில் வருகின்றன. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது பல நிறத் திரைச்சீலையை.

இரண்டாவது வழி, ஆண்டுவிழா நிகழ்ச்சிகள். ஒவ்வொரு ஆண்டும் சிறந்த காட்சிகளை எடுத்துத் தொகுத்துக் காட்டுவது கார்சனின் வழக்கம். அதற்காக ஒதுக்கி வைத்த துண்டுகள் பிழைத்தன. அதில் புகழ்பெற்றது 1965ல் நடந்தது. ‘டேனியல் பூன்’ தொடரில் பூர்வகுடி வீரனாக நடித்த எட் ஏம்ஸ், கைக்கோடாலி வீசக் கற்றுத்தர வந்தார். மரப்பலகையில் ஒரு கௌபாய் உருவம் வரைந்திருக்கிறது. ஏம்ஸ் வீசுகிறார். கோடாலி அந்த உருவத்தின் இரு தொடைகளுக்கு நடுவில், கைப்பிடி மேல்நோக்கி நிற்க, கச்சிதமாகப் பதிகிறது. அரங்கம் வெடிக்கிறது. வெட்கப்பட்டுப்போன ஏம்ஸ் ஓடிப்போய் அதைப் பிடுங்கப் பார்க்கிறார். கார்சன் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். அந்த ஒரு பிடியில்தான் கார்சனின் முழுத் திறமையும் இருக்கிறது. எதுவும் பேசாமல், கையிலிருந்த கோடாலிகளை ஒன்றோடொன்று தீட்டிக்கொண்டு, சிரிப்பு ஓயும்வரை காத்திருக்கிறார். ஓய்ந்த பிறகே வாய் திறக்கிறார்.

ஆண்டுவிழாத் துண்டுகளை மட்டும் வைத்து அந்தக் காலத்தை எடைபோடும்போது ஒரு தவறு நேர்கிறது. ஒவ்வொரு இரவும் இப்படி வெடிச்சிரிப்பாக இருந்ததுபோல் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்த நிகழ்ச்சிகளின் ருசி சாதாரண இரவுகளில் இருந்தது. நிகழ்ச்சி 105 நிமிடம், பிறகு 1967 முதல் 90 நிமிடம். அவ்வளவு நேரம் இருந்ததால் ஒரு எழுத்தாளர் வந்து உட்கார்ந்து தடுமாறலாம், ஒரு வயதான நடிகை பழைய கதையைச் சுற்றி வளைத்துச் சொல்லலாம், தொகுப்பாளர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த இரவுகளை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. முதியவர்கள் அப்போதெல்லாம் எவ்வளவு நன்றாகப் பேசினார்கள் என்று ஏங்கும்போது அவர்கள் நினைப்பது அந்தச் சும்மாப் பேச்சைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நிரூபிக்க அவர்கள் கையில் சாட்சி இல்லை.

அழிந்ததில் எனக்கு மிகவும் வலிப்பது 1968 பிப்ரவரியின் ஒரு வாரம். கார்சன் விடுப்பில் இருக்க, பாடகர் ஹாரி பெலஃபான்டே ஐந்து இரவுகள் நடத்தினார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம், நகரங்கள் எரிந்து அடங்கியிருந்த நேரம். ஒரு கறுப்பினத்தவர் அந்த நாற்காலியில் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து தன் விருந்தினர்களைத் தானே அழைத்தார். சிட்னி பாய்ட்டியர், லீனா ஹார்ன், அரீத்தா ஃபிராங்க்ளின், பால் நியூமன் என்று வந்தார்கள். செனட்டர் ராபர்ட் கென்னடி வந்தார். மார்ட்டின் லூதர் கிங் வந்தார்.

கிங் அன்று தாமதமாகி, விமான நிலையத்திலிருந்து காரில் விரைந்து வந்திருக்கிறார். ஓட்டுநர் வண்டியைப் பறக்கவிட, அவரிடம் சொன்னதை கிங் மேடையில் சொல்கிறார். ஆங்கிலத்தில் தாமதத்துக்கும் இறந்தவருக்கும் ஒரே சொல். நம் மொழியில் சொன்னால், காலம் சென்ற கிங் என்ற பெயரை வாங்குவதைவிடக் காலம் தாழ்த்தி வந்த கிங் என்ற பெயரே போதும் என்றார். அரங்கம் சிரிக்கிறது, பெலஃபான்டே சிரிக்கிறார். கிங்கும் சிரிக்கிறார். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 4 அன்று, மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி.

அந்த இரண்டு உரையாடல்களின் படம் தப்பியிருக்கிறது. அந்த வாரத்தின் மற்ற படங்கள் போய்விட்டன. லீனா ஹார்ன் என்ன பேசினார், பாய்ட்டியர் தன் நண்பரின் எதிரில் எப்படி உட்கார்ந்திருந்தார், இவையெல்லாம் ஒலிநாடாக்களையும் புகைப்படங்களையும் கொண்டு ஒட்டித்தான் அறிய வேண்டும். பின்னர் அந்த வாரத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அமெரிக்காவுக்கு மட்டுமான கதை இல்லை இது. 1962 ஜூலையில் அயர்லாந்தில் கே பெர்ன் தொடங்கிய ‘தி லேட் லேட் ஷோ’ இன்றும் ஓடுகிறது. ஒரு நாட்டின் மனசாட்சியையே மாற்றியதாகச் சொல்லப்படும் அந்த நிகழ்ச்சியின் ஆரம்ப காலமும் ஏறத்தாழ வெறுமைதான்.

1972 மே மாதம் கார்சன் கலிஃபோர்னியாவின் பர்பேங்குக்கு மாறினார். அதற்குப் பிறகான இரவுகள் சேர ஆரம்பித்தன. 1980ல் நிகழ்ச்சியின் உரிமையும் அவர் நிறுவனத்துக்கே வந்தது. டேப்புகள் கன்சாஸ் மாநிலம் ஹச்சின்சனில் ஒரு உப்புச் சுரங்கத்துக்குப் போயின. தரைக்குக் கீழே 650 அடி. அங்கே வெயிலும் மழையும் கிடையாது, ஈரம் மிகக் குறைவு, ஆண்டு முழுக்க ஒரே வெப்பநிலை. காந்த நாடாவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. 2010 வாக்கில் அவை டிஜிட்டலுக்கு மாறின. 2016 முதல் ஒரு சேனல் பழைய கார்சனை இரவுதோறும் காட்டத் தொடங்கியது. இன்று யூடியூபில் நாம் பார்க்கும் நரைத்த தலைக் கார்சன் அந்தச் சுரங்கத்திலிருந்து வந்தவர். கறுப்பு முடிக் கார்சனுக்கு அப்படி ஒரு சுரங்கம் கிடைக்கவில்லை.

ஆனால் அவர் முழுவதுமாகப் போய்விடவில்லை. அறுபதுகளில் அமெரிக்காவின் எத்தனையோ வரவேற்பறைகளில் யாரோ ஒருவர் டிவி ஒலிபெருக்கியின் பக்கத்தில் மைக்கை வைத்து, வீட்டாரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, ரீல் டேப்பை ஓடவிட்டிருக்கிறார். நிறுவனம் வீசியதை நேயர் பொறுக்கி வைத்தார். பெலஃபான்டே வாரத்தின் ஒலியும் லெனன், மெக்கார்ட்னி பேச்சும் கிடைப்பது இப்படிப்பட்டவர்களால்தான். சில பதிவுகளில் நடுவில் ஒரு இருமல் கேட்கும், தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். எந்த ஸ்டுடியோ டேப்பிலும் இல்லாத சத்தம் அது, அந்த இரவைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டின் சத்தம்.

1962 அக்டோபர் 1ன் ஒலியை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். குரூச்சோவின் மூக்கால் பேசும் குரல் வருகிறது. பிறகு கைதட்டல், நீண்ட கைதட்டல். அந்தக் கைதட்டலுக்குள்ளே எங்கோ கார்சன் மேடைக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறார்.